தண்ணீர் குறைத்த நாட்கள்

எங்கள் பள்ளியில் அவளுக்குச் செடி டீச்சர் என்று பெயர். அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் கணக்கு டீச்சர். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. நாங்கள் இருவரும் ஒரே குடியிருப்பில் இரண்டாம் மாடியில் எதிரெதிர் வீடு, பள்ளியில் ஒரே மேசை. மேசையில் என் பாதியில் திருத்த வேண்டிய நோட்டுகள் இருக்கும், அவள் பாதியில் மண் இருக்கும். மண் எல்லை தாண்டி வரும்போதெல்லாம் நான் கத்துவேன். அவள் கைக்குட்டையால் துடைக்கிறேன் பேர்வழி என்று அதை என் நோட்டு முழுக்கப் பூசிவிட்டு, "இப்ப சரியாப் போச்சு" என்பாள்.

அவள் அறிவியல் பாடம் எடுக்கத்தான் வந்தாள். ஒரு பரீட்சையில் 'கேரட் எங்கே விளைகிறது?' என்று கேட்டிருந்தாள். ஒரு பெண் 'ஃபிரிட்ஜில், கீழ்த்தட்டில்' என்று எழுதியிருந்தாள். பாதி வகுப்பு மரத்தில் காய்க்கிறது என்றது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவள் சிரிக்கவே இல்லை. மறுநாள் காலையிலேயே தலைமையாசிரியரிடம் போய், உடைந்த பெஞ்சுகளைக் கொட்டி வைத்திருந்த பின்பக்கத்து இடத்தைக் கேட்டாள்.

"அங்க பாம்பு இருக்கும்மா."

"இருந்தா அதுக்கும் சேர்த்துப் பாடம் எடுக்கிறேன் சார்."

பெஞ்சுகள் போயின, பாத்திகள் வந்தன. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாத்தி. குளிர் நாளில் காலிஃபிளவரும் முள்ளங்கியும் கேரட்டும். வெயில் ஏறினால் வெள்ளரியும் தர்பூசணியும். மழை நாளில் அவரையும் கத்தரியும். எந்தக் காலத்துக்கு எதுவோ அதுதான் விதைக்க வேண்டும், அவள் சொல்லும்வரை யாரும் பறிக்கக் கூடாது. கடையில் எல்லா நாளும் எல்லாக் காயும் கிடைக்கிறதே என்று பிள்ளைகள் மடக்குவார்கள். "கடைக்குக் காலம் கிடையாது, செடிக்கு உண்டு. நீ கடையில பாக்கிற தக்காளி எந்த ஊர்லயோ காயாப் பறிச்சு, லாரியில தூங்கித் தூங்கி சிவந்தது" என்பாள். ஒருத்தி தன் முள்ளங்கி வளர்ந்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி புதைத்து வைப்பாள். செடி டீச்சர் அவளைத் திட்டவில்லை. "உன்னைத் தினமும் தூக்கத்துல எழுப்பி உயரம் அளந்தா நீ வளருவியா?" என்று கேட்டாள். அதோடு அந்த முள்ளங்கிக்கு விமோசனம் கிடைத்தது.

இப்படிப்பட்டவள் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எனக்கு அவள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. கோபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கிளற எனக்குத் துணிவும் இல்லை.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள். தங்கையின் கணவர் கப்பலில் மின்சார வேலை பார்ப்பவர். கடலில் குழந்தையை வைத்து என்ன செய்வது? நடக்கப் பழகியிருந்த பெண்குழந்தையை ஒரு போர்வையில் சுற்றி இவளிடம் கொண்டுவந்து கொடுத்தார். இவளுக்கு அப்போது ஓரிடத்தில் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. குழந்தையோடு வருவதா என்று அந்த வீட்டில் யோசித்தார்கள். அவர்கள் யோசித்து முடிக்கும்வரை இவள் காத்திருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழந்தைக்குப் பால் புட்டி வாங்கப் போய்விட்டாள்.

அந்தக் குழந்தைக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது நான்தான். அத்தனை சின்ன உருண்டை முகம். ஒன்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. பெரியம்மாவும் மகளுமாக அவர்கள் இருவரும் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. பெரியம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் பட்டாணிக்குத் தூக்கம் வரும். காலையில் தலை பின்னும்போது இருவரும் ராத்திரி கண்ட கனவுகளை ஒருவருக்கொருவர் சொல்லி முடிக்க வேண்டும், அதனால் தினமும் பள்ளிக்குத் தாமதம். சாப்பாட்டில் கடைசி வாயைப் பெரியம்மாதான் ஊட்ட வேண்டும். "கெடுக்கிறடி, இப்படி ஒரேயடியாக் கெடுக்கிற" என்று நான் சொல்வேன். "என் பட்டாணி, நான் கெடுக்கிறேன்" என்பாள்.

அப்பா வருஷத்துக்கு ஒருமுறை வருவார். போன வருஷ அளவில் ஒரு கவுன் வாங்கி வருவார், அது தோளில் நுழையாது. கெட்ட மனிதர் இல்லை. எங்கே உட்காருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாமல் இருந்துவிட்டுப் போவார். பட்டாணி அவருக்குப் பயந்ததும் இல்லை, ஏங்கியதும் இல்லை.

சென்ற வருஷம் பட்டாணியின் வகுப்பு தக்காளி நாற்று விட்டது. பள்ளம் பள்ளமாக இருக்கும் தட்டில் தேங்காய் நார்த்தூளை நிரப்பி, பள்ளத்துக்கு ஒரு விதை. மேலே நிழலுக்குப் பச்சை வலை. காலையிலும் மாலையிலும் பூவாளியால் தண்ணீர். நாற்று விரல் நீளம் வந்ததும் செடி டீச்சர் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள், தண்ணீரைக் குறைத்தாள். நாற்றுகள் மதிய வெயிலில் தலை தொங்கின. பிள்ளைகள் பதறிப்போனார்கள்.

"டீச்சர், தண்ணி கேக்குது டீச்சர்."

"கேக்கட்டும். இதுக்குப் பேரு நாத்தைப் பழக்கிறது. நிழல்லயும் தண்ணியிலயும் செல்லமா வளந்த நாத்தைத் திடீர்னு பிடுங்கிப் பாத்தியில வெச்சா, வெயில் தாங்காமச் செத்துப்போயிடும். எடம் மாத்தப் போறோம்ல, முன்னாடியே கொஞ்சம் காயப்போடணும். அப்பத்தான் தண்டு தடிக்கும், வேர் இறுகும். பாக்கப் பாவமா இருக்கும். ஆனா பாவம் பாக்கக் கூடாது."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள், பட்டாணியைத் தவிர. அவளுக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தன் தண்ணீர் புட்டியைக் கொண்டுபோய்த் தன் தட்டுக்கு மட்டும் ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள். அவள் நாற்றுதான் பார்க்கப் பச்சைப் பசேலென்று இருந்தது. பாத்தியில் நட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் நாற்று இரண்டு நாள் வாடி நிமிர்ந்துவிட்டது. பட்டாணியுடையது ஒன்றுகூடத் தேறவில்லை. அவள் அந்தப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுத அழுகையில் நான் நடத்திக்கொண்டிருந்த பெருக்கல் கணக்கு நின்றுபோனது.

அதே வாரம்தான் அந்த ஃபோன் வந்தது. நானும் அவள் வீட்டில் இருந்தேன். தங்கையின் கணவர் பேசினார்.

"கப்பல் வேலையை விட்டுட்டேன்க்கா. துறைமுகத்துலயே வேலை கெடைச்சிருக்கு. ரெண்டு ரூம் வெச்ச வீடு பாத்திருக்கேன். பாப்பா பரீட்சை முடிஞ்சதும் வரேன். அவளைப் பத்தி உங்ககிட்டப் பேசணும்."

"வாங்க தம்பி" என்று சொல்லி ஃபோனை வைத்தாள். அப்புறம் அவர் சொன்னதை விரல்விட்டு எண்ணினாள். வீடு பார்த்தாகிவிட்டது, இரண்டு அறை, ஒன்று யாருக்கு? கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார். எனக்கும் அப்படித்தான் பட்டது. முடியாது என்று சொல்லேன் என்றேன். "பெத்தவரு கேக்கும்போது நான் யாருடி?" என்றாள். குழந்தையிடமாவது சொல்லேன் என்றேன். "அவரு வாயாலதான் அவ கேக்கணும். நான் சொன்னா அழுதுக்கிட்டே சொல்லுவேன். அப்பன் மேல வெறுப்பு வந்துடும்" என்றாள். நானும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து அவள் பட்டாணிக்குத் தண்ணீரைக் குறைத்தாள். இப்படிச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை எனக்கு.

முதலில் தலை பின்னுவதை நிறுத்தினாள். "பெரிய பொண்ணாயிட்ட, நீயே பின்னிக்கோ." கடைசி வாய் ஊட்டுவதை நிறுத்தினாள். பள்ளி விட்டதும் வாசலில் நிற்பதை நிறுத்தினாள். பாலைச் சூடு பண்ணக் கற்றுக்கொடுத்தாள், துணி தேய்க்கக் கற்றுக்கொடுத்தாள், பக்கத்து அறையில் தனிக்கட்டில் போட்டாள். அன்றைக்கு ராத்திரி பட்டாணி தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாளாம். "போய்ப் படு" என்று சொல்லிவிட்டு இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாளாம். இதையெல்லாம் அவளே எனக்குச் சொன்னாள். ஏதோ பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி சொல்ல ஆரம்பிப்பாள், பாதியில் எழுந்து போய்விடுவாள்.

நான் கத்தினேன். ஆசிரியர் அறை என்றும் பார்க்கவில்லை.

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? அவ புள்ளைடி. நாத்து இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா இதை நிறுத்து. இருக்கிற நாளாவது மடியில வெச்சுக்கோ."

"வெச்சுக்கிட்டு? அப்புறம் பிடுங்கும்போது?" என்றாள். "அவ தட்டுல இருந்த நாத்து என்னாச்சுன்னு பாத்தல்ல. ஒண்ணுகூட நிக்கல. புது எடம், தெரியாத வீடு, பேசத் தெரியாத அப்பன். அங்க போய் ராத்திரி என் காதைத் தேடினா யாரு இருக்கா? இங்கயே கொஞ்சம் காஞ்சா அங்க காய மாட்டா. எனக்கு மட்டும் ஆசையாடி?"

அவள் சொன்னதில் ஒரு ஞாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. மண்வெட்டி, பூவாளி வைக்கும் தகரக் கொட்டகையில் ஒரு மத்தியானம் அவளைத் தேடிப் போனேன். சாக்குகளின்மேல் முகத்தை அழுத்திக்கொண்டு கிடந்தாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். வெளியே பட்டாணியின் வகுப்பு, பிழைத்த தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தது; பட்டாணிக்கும் அதில் ஒரு செடி ஒதுக்கியிருந்தார்கள். சிறிது நேரத்தில் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போய், முடிச்சு தளர்வாக இருக்க வேண்டும், தண்டை நெரிக்கக் கூடாது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் காட்டினாள். பட்டாணியின் முடிச்சு வந்தபோது மட்டும், "நீயே பாத்துக் கட்டு" என்று தாண்டிப் போனாள்.

பட்டாணி முதலில் முறுக்கிக்கொண்டு திரிந்தாள். பிறகு இரண்டொரு நாள் அடம் பிடித்தாள், தட்டைத் தள்ளினாள். ஒன்றுக்கும் பலன் இல்லை என்று தெரிந்ததும் அமைதியாகிவிட்டாள். கேட்காமலே பாத்திரம் கழுவினாள். கோணல் வகிடு எடுத்துத் தானே பின்னிக்கொண்டாள். வாயாடிப் பெண் "சரி பெரியம்மா" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் போனாள். செடி டீச்சர் என்னிடம், "பாத்தியா, தேறிட்டா" என்றாள். தேறியதாகத்தான் அவள் நினைத்தாள்.

பரீட்சை முடிந்தது. அவர் வந்தார். என்னையும் கூட இருக்கச் சொல்லியிருந்தாள், ஒரு தைரியத்துக்கு. இந்த முறையும் ஒரு கவுன், இந்த முறையும் சின்னது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தார், காலி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார். வேலையைப் பற்றிச் சொன்னார், வீட்டைப் பற்றிச் சொன்னார். ஜன்னலிலிருந்து கப்பல் தெரியும் என்றார். அப்புறம் மகளைப் பார்த்து, ரொம்பத் தயங்கி, "பாப்பா, உனக்கு என்னம்மா தோணுது? எங்க இருக்க ஆசை?" என்றார்.

பட்டாணி அவரைப் பார்க்கவில்லை. பெரியம்மாவைத்தான் பார்த்தாள். நான் அந்த இடத்தில் இருந்தவள், அந்தப் பார்வையை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை வேண்டாம், பெரியம்மா கொஞ்சம் கண்ணைக் காட்டியிருந்தால் போதும், அந்தக் குழந்தை ஓடிவந்து மடியில் ஏறியிருக்கும். இத்தனை வாரமாக இந்த நாளுக்கென்றே தன்னை இறுக்கி வைத்திருந்தவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவள் எண்ணம்.

"நான் உங்ககூட வரேன்ப்பா" என்றாள் பட்டாணி.

அந்த மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய ஆண்பிள்ளை, தோள் குலுங்க அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் தனியாத்தான் திரும்பிப் போவேன்னு நெனச்சேன்க்கா. டிக்கெட்டே எனக்கு மட்டும்தான் எடுத்தேன். உங்களை விட்டு எங்க வரப்போறா? உங்ககிட்டயே இருக்கட்டும், வாரக் கடைசியில வந்து பாத்துட்டுப் போறேன், அதுக்கு உங்களுக்குத் தொந்தரவு இல்லையே, லீவுல கொஞ்ச நாள் அனுப்புவீங்களா, இதைக் கேக்கத்தான் வந்தேன். அவளே வரேன்னு சொல்லுவான்னு கனவுலகூட நெனக்கல."

செடி டீச்சர் மெதுவாகத் திரும்பினாள். "என்ன தம்பி சொன்னீங்க?" என்றாள். அவர் மறுபடி சொன்னார், இன்னும் சந்தோஷமாக. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் உடை முழுக்கத் தெறித்துக்கொண்டிருந்தது. குழாயை நான்தான் மூடினேன்.

சாயங்காலம் பட்டாணியை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கூட்டிப் போகத்தான் வருகிறார் என்று நினைத்ததை, அங்கே போய்க் கஷ்டப்படக் கூடாதே என்று பயந்ததை, நாற்றைப் பழக்குகிற மாதிரிப் பழக்கியதை. சொல்லும்போது குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வேணும்னு பண்ணலடா. நீ இங்கயே இரு. பெரியம்மாகூட இருடா."

பட்டாணி பொறுமையாகக் கேட்டாள். பெரியவர்கள் அழும்போது குழந்தைகளுக்கு வருமே ஒரு கூச்சம், அந்தக் கூச்சத்தோடு நின்றாள். முன்னறையில் அவள் அப்பா இன்னொரு டிக்கெட்டுக்காக யாருக்கோ ஃபோன் செய்துகொண்டிருந்தார். "என் பொண்ணும் வரா" என்று அவர் ஒருவரிடம் இரண்டு தடவை சொன்னது இங்கே கேட்டது.

"அப்பா சந்தோஷமா இருக்காரு பெரியம்மா" என்றாள். "நான் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

அதற்குமேல் இவள் பிடித்து வைக்கவில்லை. அந்த அறையில் இருக்கிற மனிதரிடம் போய், மகள் வரவில்லை என்று எப்படிச் சொல்வாள்? நான் சொல்கிறேன் என்று கிளம்பினேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு நானும் போனேன். அப்பா சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பட்டாணி தன் கோணல் வகிட்டோடு, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பெரியம்மா அவள் பையில் பிஸ்கட் வைத்தாள், ஸ்வெட்டர் வைத்தாள், வைத்ததையே எடுத்து மறுபடி வைத்தாள். வண்டி புறப்படுவதாக ஆள் கத்தினான். அப்போது பட்டாணி பெரியம்மாவின் கையை மெல்ல இழுத்தாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"நாத்துன்னு சொன்னீங்கல்ல, அது சரி பெரியம்மா. ஆனா நிஜமா நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. அங்க போய் அதைப் பண்ணாம இருந்துக்கிறேன்."

செடி டீச்சர் அந்தச் சிமெண்டுத் தரையில் அப்படியே மண்டியிட்டுவிட்டாள். "நீ ஒண்ணும் பண்ணலடா கண்ணு. ஒண்ணுமே பண்ணல" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

பட்டாணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டினாள்.

"பரவால்ல பெரியம்மா. நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.